டைட்டானியம் வார்ப்பில் குறை விழுந்தால்: எக்ஸ்ரே முதல் வெல்டிங் வரை முழுமையான வழிகாட்டி

விமான எஞ்சினின் ஃபேன் ஃப்ரேம் மாதிரியான பெரிய டைட்டானியம் வார்ப்பு, அச்சிலிருந்து குறையே இல்லாமல் வெளிவருவது அபூர்வம். அதனால் இந்தத் தொழிலில் வெல்டிங் மூலம் பழுது பார்ப்பதை யாரும் ஒளித்துச் செய்வதில்லை. அது உற்பத்தித் திட்டத்திலேயே எழுதப்பட்ட ஒரு கட்டம். வரைபடம் எந்த இடத்தில் அனுமதிக்கிறது, எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் கருவியையே கையில் எடுக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 6-4 கலவைக்கு, அதாவது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த டைட்டானியத்துக்கு. முதலீட்டு வார்ப்பு முறையில், மெழுகு மாதிரியைச் சுற்றிக் கட்டிய பீங்கான் ஓட்டில், வெற்றிட உலையில் ஊற்றிய பாகங்களை மனத்தில் வைத்து எழுதியது. கலவை சேராத டைட்டானியத்தில் வார்த்த பம்பு, வால்வு பாகங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். குழியை நிரப்ப உருக்கும் ஃபில்லர் கம்பியும் வெப்பப் பதமும் மட்டும் மாறும்.

இரும்பு வார்ப்பில் பழகிய கைக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். புளோஹோல், அதாவது வாயுத் துளை விழுந்த இரும்பு வார்ப்பைச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெல்ல ஆறவிடுவது அங்கே சரியான வழி. டைட்டானியத்தை அப்படிச் சூடேற்றினால் பாகமே போய்விடும். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மூன்றையும் தனக்குள் கரைத்துக்கொள்ளும். கரைந்த ஆக்சிஜனும் நைட்ரஜனும் எந்த வெப்பப் பதத்தாலும் வெளியே வராது. ஹைட்ரஜனை மட்டும் வெற்றிட உலையில் வைத்து வெளியேற்றலாம். இந்த வேலையின் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு ஆர்க் பற்றவைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த வேலையை எதற்கு முன் செய்தோம், எவ்வளவு சுத்தமாகச் செய்தோம் என்ற இரண்டும்தான் காரணம்.

எந்தக் குறைக்கு எந்த மருந்து

உள்ளே மூடிக்கிடக்கும் சுருக்கக் குழிகளுக்கும் வாயுத் துளைகளுக்கும் வெல்டிங் தேவையில்லை. சூட்டோடு எல்லாப் பக்கமும் சம அழுத்தம் கொடுக்கும் முறையான ஹிப் அவற்றை மூடிவிடும். 6-4 கலவைக்கு வழக்கமான அளவு 900 முதல் 955 டிகிரி செல்சியஸ், 100 மெகாபாஸ்கலுக்குக் குறையாத ஆர்கான் அழுத்தம், 2 முதல் 4 மணி நேரம். வார்ப்பு வெற்றிடத்தில் நடந்ததால் அந்தக் குழிகளுக்குள் வாயு மிகக் குறைவு. சுவர்கள் ஒன்றோடொன்று அமுங்கி, அணுக்கள் கலந்து, குழி இருந்த தடமே தெரியாமல் ஒட்டிக்கொள்கின்றன.

மேற்பரப்பில் வாய் திறந்த குழியை ஹிப் தொடவே தொடாது. அழுத்தும் ஆர்கான் குழிக்குள்ளும் புகுந்துவிடுவதால் உள்ளும் புறமும் ஒரே அழுத்தம். சுவர் ஏன் நகர வேண்டும்? இப்படிப்பட்ட குழிக்கு ஹிப்புக்கு முன்பே மூடி வெல்டு போட வேண்டும்.

மூடி போடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆர்கானில் வெல்டு செய்து மூடினால் குழிக்குள் ஆர்கான் சிக்கும். ஹிப்பில் அது மிகச் சிறிதாகச் சுருங்கும். ஆனால் டைட்டானியத்தில் ஆர்கான் கரையாது என்பதால் எங்கும் போகாது. பின்னால் அழுத்தம் இல்லாமல் அதிகச் சூட்டுக்குப் போகும்போது அந்தத் துளை மீண்டும் விரியலாம். சிறிய குழிக்கு இது பொருட்டில்லை. ஆழமான, கிளைவிட்ட சுருக்கக் குழியை மட்டும் மேலே மூடி சமாளிக்காமல், முழுதும் தோண்டி நிரப்புவதே நல்லது.

ஓட்டுத் துண்டுகள், வெல்டிங் முனையிலிருந்து உடைந்த டங்ஸ்டன் துணுக்கு, விரிசல், உலோகம் இரண்டு பக்கமிருந்து வந்து சேராமல் நின்ற குளிர் மடிப்பு ஆகியவற்றுக்கு ஹிப்பால் பயனில்லை. பீங்கான் துண்டை எவ்வளவு அழுத்தினாலும் பீங்கான்தான். தோண்டி எடுத்தே ஆக வேண்டும். ஹிப்புக்குப் பிறகு மேற்பரப்பில் தோன்றும் பள்ளமும் வெல்டிங் கணக்கில் சேரும். தோலுக்கு அடியிலிருந்த பெரிய குழி அமுங்கும்போது மேல்தோலும் சேர்ந்து உள்வாங்குவதால் வருவது அது. பயப்பட வேண்டாம், ஹிப் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

வேலைகளின் வரிசை

ஓட்டை உடைத்து, உலோகம் ஓடிவந்த ரன்னரையும் சுருக்கத்துக்கு உலோகம் ஊட்டிய ரைசரையும் வெட்டி, அலுமினா துகளால் பிளாஸ்ட் செய்த பிறகு, அமிலத்தில் மேல்தோலைக் கரைக்க வேண்டும். அடுத்தது கண்ணாலும், விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் ஒளிரும் சாயமான பெனிட்ரன்ட்டாலும், எக்ஸ்ரேயாலும் முதல் சோதனை. வாய் திறந்த குழிகளுக்கு மூடி வெல்டு. பிறகு ஹிப். ஹிப்புக்குப் பின் லேசாக மீண்டும் அமிலம், மீண்டும் பெனிட்ரன்ட், மீண்டும் எக்ஸ்ரே. இதில் மிஞ்சியவைதான் உண்மையான பழுது வேலை: தோண்டல், வெல்டிங், சீவல், மறுசோதனை. எல்லா வெல்டும் முடிந்த பிறகு ஒரே தடவையாக வெற்றிட உலையில் பதம். தேவைப்பட்டால் நிமிர்த்தல். கடைசியாக மெல்லிய அமிலக் குளியலும் இறுதிச் சோதனையும்.

அவசரத்தில் ஹிப்புக்கு முன்பே எல்லாக் குறையையும் தோண்டி வெல்டு செய்பவர்கள் உண்டு. உலை தானாகவே மூடியிருக்கக்கூடிய துளைகளுக்கு மனித உழைப்பைக் கொட்டுவதோடு, ஒவ்வொரு வெல்டும் ஒரு புதுக் குறைக்கு வாய்ப்பு என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

ஆல்ஃபா தோல்: முதலில் போக வேண்டியது

உருகிய டைட்டானியம் ஓட்டின் பீங்கானோடு வினைபுரியும். உள்பூச்சு யிட்ரியாவாக (யிட்ரியம் ஆக்சைடு) இருந்தால் குறைவாக, மற்றவற்றில் கூடுதலாக. இதனால் ஆக்சிஜன் ஏறிய கடினமான தோல் ஒன்று வார்ப்பைச் சுற்றி உருவாகிறது. மெல்லிய சுவரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மெதுவாக ஆறும் தடித்த இடத்தில் அரை மில்லிமீட்டரையும் தாண்டும். நல்ல உலோகம் சுமார் 350 விக்கர்ஸ் கடினம் காட்டும் இடத்தில் இந்தத் தோல் 500-க்கு மேல் காட்டும். வளைத்தால் முதலில் விரிசல் விடுவது இதுதான்.

இந்தத் தோல் மேல் வெல்டு போட்டால் அதிலுள்ள ஆக்சிஜன் முழுதும் உருகிய குட்டைக்குள் கலக்கும். வெல்டு வெளியே வெள்ளி மாதிரிப் பளபளக்கும், உள்ளே கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஆகவே தோல் போய்விட்டதா என்று ஊகிக்காமல், அதே ஊற்றில் வந்த ரைசரின் ஒரு துண்டை அதே தொட்டியில் போட்டு, வெட்டி, மெருகேற்றி, நுண்கடினம் பார்த்துவிடுங்கள். ரைசர் பாகத்தைவிடத் தடித்திருந்தால் தோலும் தடித்திருக்கும். அங்கே போயிருந்தால் பாகத்திலும் போயிருக்கும்.

அமிலக் குளியல் நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்களின் கலவை. உலோகத்தைக் கரைப்பது ஹைட்ரோஃபுளோரிக். அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் பாகத்துக்குள் புகாமல் தடுப்பது நைட்ரிக். ஹைட்ரோஃபுளோரிக் ஒரு பங்குக்கு நைட்ரிக் பத்துப் பங்கு என்ற விகிதத்தை ஒட்டி வைத்தால் ஹைட்ரஜன் ஏற்றம் கட்டுக்குள் இருக்கும். தொட்டி பழசாகி நைட்ரிக் குறைந்ததும் ஹைட்ரஜன் ஏறத் தொடங்கும். 6-4 வார்ப்பில் ஹைட்ரஜனுக்கு வழக்கமான உச்சவரம்பு 0.015 சதவீதம், அதாவது 150 பிபிஎம். அதை மீறினால் டைட்டானியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த நொறுங்கும் ஹைட்ரைடு படிந்து, பாகம் கிடங்கில் சும்மா கிடக்கும்போதே விரிசல் விடலாம்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கும். மணிக்கணக்கு கழித்து எலும்புவரை எரியும். தொட்டிக்கு அருகே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாத பட்டறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பட்டால் நிறையத் தண்ணீர், ஜெல், உடனே மருத்துவமனை.

குறை எவ்வளவு ஆழத்தில்?

எக்ஸ்ரே படம் இடத்தைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. படத்தில் துளையும் சுருக்கமும் கறுப்பாக விழும். டங்ஸ்டன் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி. யிட்ரியா, ஸிர்கோனியா ஓட்டுத் துண்டுகளும் வெளுப்பாகவே விழும், ஆனால் மெல்லிய செதிலாக இருந்தால் கண்ணில் படாமல் போகும். ஒப்பிட்டுத் தரம் பிரிக்க டைட்டானியம் வார்ப்புகளுக்கென்றே உள்ள ஏஎஸ்டிஎம் ஈ1320 மாதிரிப் படங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

தடித்த இடத்தில் ஆழம் கண்டுபிடிக்க, பாகத்தையும் ஃபிலிமையும் அசைக்காமல் கதிர்க்குழாயை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு படம் எடுக்கலாம். குறையின் நிழல் நகர்ந்த தூரத்தை, கதிர்க்குழாய் ஃபிலிமிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி, குழாய் நகர்ந்த தூரமும் நிழல் நகர்ந்த தூரமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், ஃபிலிமிலிருந்து குறை இருக்கும் உயரம் கிடைக்கும். குழாய் 900 மி.மீ. உயரத்தில் இருந்து 200 மி.மீ. நகர்ந்து, நிழல் 4 மி.மீ. நகர்ந்தால் 900 × 4 ÷ 204, அதாவது சுமார் 17.6 மி.மீ. பாகம் ஃபிலிம் மேல் ஒட்டி வைக்கப்பட்டிருந்தால், 25 மி.மீ. தடித்த இடத்தில் மேலிருந்து தோண்டுவதே கிட்ட வழி. ஆறேழு மி.மீ. சுவரில் இந்தக் கணக்கு உதவாது. நிழல் நகர்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். அங்கே கொஞ்சம் தோண்டு, படம் எடு, இன்னும் தோண்டு என்பதுதான்.

இடத்தைக் குறிக்கச் சாதாரண மார்க்கரை எடுக்காதீர்கள். குளோரைடு கலவாத, டைட்டானியத்துக்கு அனுமதிக்கப்பட்ட மையே வேண்டும். அதையும் வெல்டுக்கு முன் துடைத்து எடுக்க வேண்டும்.

தோண்டல்

வேகமாகச் சுழன்று சீவும் டங்ஸ்டன் கார்பைடு பர் கட்டர்தான் வழக்கம். டைட்டானியத்துக்கென்று தனியாக ஒதுக்கிய கட்டர், தனிப் பெட்டி. நேற்று எஃகில் ஓடிய கட்டர் இன்று இங்கே வந்தால் இரும்புத் துகளை உலோகத்தில் தேய்த்துவிட்டுப் போகும். கிரைண்டிங் கல் தேவைப்பட்டால் சிலிக்கான் கார்பைடு. ஆனால் வெல்டு விழப்போகும் பரப்பைக் கல்லால் முடிக்காதீர்கள், கல்துகள் பதிந்துவிடும். கடைசிச் சீவல் கட்டரால்தான்.

6-4 கலவையின் வெப்பங்கடத்தும் திறன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 6.7 வாட், சாதாரண எஃகுக்கு ஏறத்தாழ 50. கட்டரின் சூடு எங்கும் ஓடாமல் அதே இடத்தில் தங்கும். குழியில் நீலமோ பழுப்போ தெரிந்தால் அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த நிறம் போகும்வரை மெல்ல இன்னும் சீவுங்கள்.

குழியின் வடிவம் தட்டு மாதிரி விரிந்திருக்க வேண்டும். வாய் அகலம் ஆழத்தைப் போல் மூன்று மடங்குக்கு அருகில், குறைந்தது இரண்டு மடங்கு. அடியில் 3 மி.மீ. ஆரம், எங்கும் கூர்மூலை கிடையாது. நெட்டுக்குத்தான கிணறு தோண்டினால் வெல்டிங் டார்ச் உள்ளே போகாது, பக்கச்சுவர் உருகாமல் ஒட்டாத கோடு விழும். பின்னால் பெனிட்ரன்ட்டில் அது தெரியாமலும் போகலாம்.

குறை முழுதும் போனதா என்று பார்க்க உடனே பெனிட்ரன்ட் போட்டால் ஏமாறுவீர்கள். டைட்டானியம் மெத்தென்று இழுபடும் உலோகம். கட்டர் அதை விரிசலின் வாய்மேல் தேய்த்து மூடிவிடும். லேசாக அமிலம் காட்டி அந்தத் தேய்ந்த படலத்தை எடுத்த பிறகே பெனிட்ரன்ட். ஆழத்துக் குறையாக இருந்தால் வெறுங்குழியை ஒரு தடவை எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். வெல்டு போட்ட பிறகு 'இன்னும் இருக்கிறது' என்று தெரிவதைவிட இது மலிவு.

துகளைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. நுண்ணிய டைட்டானியம் தூள் ஒரு பொறியில் பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது, அந்த வாயுவிலேயே டைட்டானியம் எரியும். உலோகத் தீக்கான டி வகை அணைப்பானோ உலர்ந்த மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேசையில் தூள் குவிய விடாதீர்கள்.

சுத்தம்

வெல்டு செய்ய வேண்டிய குழியையும் சுற்றி 25 மி.மீ. பரப்பையும் அசிட்டோனில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைக்க வேண்டும். ஒரு துணி ஒரு தடவைக்கு. துணியில் கறை வராதவரை தொடருங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் வியர்வையில் உப்பு உண்டு, சூட்டில் குளோரைடு டைட்டானியத்தை அழுத்த அரிப்பு விரிசலுக்குத் தள்ளும். இதே காரணத்தால் ட்ரைகுளோரோஎத்திலீன் மாதிரியான குளோரின் கரைப்பான்கள் கூடாது. மெத்தனாலும் கூடாது. 1966-இல் அப்போலோ விண்கலத்தின் சேவைப் பகுதிக்கான 6-4 எரிபொருள் தொட்டி ஒன்று, சோதனைக்காக ஊற்றிய மெத்தனாலில் அழுத்தத்தோடு இருந்தபோதே வெடித்தது. 'ஆல்கஹால்தானே' என்ற அலட்சியத்துக்கு அதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை.

கம்பி பிரஷ் தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகு, இந்த வேலைக்கே ஒதுக்கியது. பிறகு மீண்டும் துடைப்பு. சுத்தம் செய்து ஒரு ஷிஃப்ட் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

ஃபில்லர் கம்பிக்கும் இதே மரியாதை. உறையிலிருந்து எடுத்ததும் அசிட்டோனில் துடைக்கவும். வெல்டில் வரும் நுண்துளைகளில் பெரும்பங்கு கம்பியின் மேலுள்ள ஈரத்தாலும் பிசுக்காலும் வரும் ஹைட்ரஜன்தான்.

கம்பியும் வாயுவும்

பாகத்தின் அதே கலவையில் வரும் கம்பி ஈஆர்டிஐ-5. அதன் ஆக்சிஜன் குறைந்த தங்கை ஈஆர்டிஐ-23. முதலாவதில் ஆக்சிஜன் 0.12 முதல் 0.20 சதவீதம், இரண்டாவதில் 0.03 முதல் 0.11. வெல்டிங்கில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் ஆக்சிஜன் ஏறத்தான் செய்யும். 23 கம்பியில் அதற்கு இடம் இருக்கிறது, அதனால் எங்கள் சிபாரிசு அதுதான். ஆனால் வாங்குபவரின் விவரக்குறிப்பு ஒரு கம்பியைப் பெயர் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். கலவை சேராத ஈஆர்டிஐ-2 கம்பி சுலபமாக ஓடும், வளையும், அழகாக விழும், வலிமை போதாது. பாரம் தாங்கும் இடத்தில் வேண்டாம்.

ஆர்கான் 99.995 சதவீதத்துக்குக் குறையாமல், ஈரம் படியத் தொடங்கும் பனிநிலை மைனஸ் 60 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சான்றிதழை மட்டும் நம்பாமல், நாள் தொடக்கத்தில் சுத்தமான டைட்டானியத் துண்டில் ஒரு புள்ளி உருக்கி, வாயுவை நிறுத்தாமல் ஆறவிட்டுப் பாருங்கள். வெள்ளியாக நின்றால் சரி. மஞ்சள் கட்டினாலே சிலிண்டர், குழாய், இணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். ரப்பர் குழாய் ஈரத்தை உள்ளே விடும். பழைய குழாய்தான் பெரும்பாலும் குற்றவாளி.

சிறிய, நடுத்தரப் பாகங்களுக்குக் கையுறை பொருத்திய மூடிய அறையே சிறந்தது. காற்றை வெற்றிடமாக்கி ஆர்கான் நிரப்பி, உள்ளே ஆக்சிஜன் 50 பிபிஎம்முக்குக் கீழே வந்த பிறகே ஆர்க். பெரிய பாகத்துக்கு அறை கிடைக்காவிட்டால் டார்ச் வாயு, டார்ச்சுக்குப் பின்னால் ஆறும் வெல்டின்மேல் ஆர்கான் விடும் பின்தொடரும் கவசம், அடிப்பக்க வாயு என மூன்று காவல். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கீழிருந்து நிரப்பி மேலே வாய் விடவும். அதே கனம்தான் ஆளுக்கும் ஆபத்து: ஆர்கான் தேங்கிய பள்ளத்திலோ தொட்டியிலோ தலையை விட்டவர் மூச்சுத் திணறுவதை உணரவே மாட்டார்.

வெல்டிங்

எடுத்துக்காட்டுக்கு ஒரு குழி: ஆழம் 3 மி.மீ., வாய் 10 மி.மீ. அதன் கொள்ளளவு சுமார் 132 கன மி.மீ. மேலே ஒரு மில்லிமீட்டர் மேடாக விட்டு, ஓரத்தில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் படரவிட்டால் இன்னொரு 57. மொத்தம் 189 கன மி.மீ., எடையில் ஒரு கிராமுக்கும் குறைவு. 1.6 மி.மீ. கம்பியில் 94 மி.மீ. நீளம் போதும். இதை முன்கூட்டியே கணக்கிட்டால் இரண்டு பயன்: எத்தனை பாஸ், அதாவது எத்தனை அடுக்கு வெல்டு என்று திட்டமிடலாம், இரண்டு மடங்கு கம்பி போய்விட்டால் எங்கோ அதிகமாக உருக்குகிறோம் என்று அப்போதே தெரியும்.

1. மின்சாரம் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடுவது; டார்ச் எதிர்மின் முனை. லாந்தனம் அல்லது சீரியம் கலந்த 1.6 மி.மீ. டங்ஸ்டன் முனை, கூராகத் தீட்டியது. வாயுவைச் சீராகப் பாய விடும் வலையான கேஸ் லென்ஸோடு அகலமான கப், சுமார் 19 மி.மீ. டார்ச் வாயு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். இன்னும் கூட்டினால் பாதுகாப்பு கூடாது. சுழல் உண்டாகிக் காற்றை இழுத்து வரும்.

2. தொடும் முன் பத்து விநாடியாவது வாயு ஓடட்டும். ஆர்க்கை உயர் அதிர்வெண்ணால் பற்றவைக்கவும். உரசிப் பற்றவைத்தால் டங்ஸ்டன் முனை உடைந்து உள்ளே தங்கும், எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் திரும்பி வரும்.

3. இந்தக் குழிக்கு 60 முதல் 90 ஆம்பியர். குழியின் அடியில் முதலில் கம்பி இல்லாமல் ஒரு சிறு குட்டை உருவாக்கி, பரப்பு நனைந்து பளபளப்பதைப் பார்த்த பிறகு கம்பி கொடுக்கவும்.

4. கம்பியின் நுனி எப்போதும் வாயுக் கவசத்துக்குள் இருக்க வேண்டும். சூடான நுனி வெளியே வந்துவிட்டால் அதை அப்படியே திருப்பிக் கொடுக்காதீர்கள். 10 மி.மீ. வெட்டி எறியுங்கள். தொழிலில் அதிகம் மீறப்படும் விதி இது. ஒரு நுனியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும், அந்த நுனியின் மஞ்சளும் நீலமும் நேராகக் குட்டைக்குள்தான் போகிறது.

5. அடியிலிருந்து சுவரை நோக்கி, சிறு சிறு மணிகளாகக் கட்டிக்கொண்டு வரவும். அகல ஆட்டம் வேண்டாம். ஒவ்வொரு பாஸுக்கும் இடையில் 120 டிகிரிக்குக் கீழே ஆறவிடவும். வெப்பம் பரவாத உலோகம் என்பதால் இந்தக் காத்திருப்பு எஃகில் பழகியவருக்கு எரிச்சலூட்டும்.

6. முடிக்கும்போது மின்னோட்டத்தை மெல்லக் குறைத்து, கடைசிக் குழியை நிரப்பி அணைக்கவும். அணைத்த பிறகும் டார்ச்சை அசைக்காமல் 25 முதல் 30 விநாடி வாயு கொடுக்கவும். வெல்டு 425 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காற்றைக் காட்டக்கூடாது.

7. ஒவ்வொரு பாஸையும் பார்த்த பிறகே அடுத்தது. நிறம் பிசகியிருந்தால் அதன்மேல் வெல்டு போடுவது மன்னிக்க முடியாத பிழை: மேல் பாஸ் அந்த நிறத்தை உருக்கி மறைத்துவிடும், ஆக்சிஜன் உள்ளேயே இருக்கும்.

சுவரைத் துளைத்துவிட்ட குழியானால் அடிப்பக்கமும் வாயுவில் இருக்க வேண்டும். மெல்லிய சுவரில் துளைக்காவிட்டாலும்கூட. அடிப்பக்கம் 425 டிகிரியைத் தாண்டினாலே அங்கும் ஆல்ஃபா தோல் உருவாகும்.

நிறம் சொல்வதும் சொல்லாததும்

வெள்ளி, வைக்கோல் மஞ்சள்: பெரும்பாலும் ஏற்பு. ஊதா, நீலம், பச்சை: விமானப் பாகங்களில் பொதுவாக நிராகரிப்பு. சாம்பலும் உதிரும் வெள்ளைத் தூளும் எங்கும் நிராகரிப்பு. எல்லை எங்கே என்பதை ஒப்பந்தத்தில் உள்ள தரநிர்ணயம் முடிவுசெய்யும்.

இந்த நிறங்கள் மேலே படிந்த ஆக்சைடு படலத்தின் தடிமனைத்தான் காட்டுகின்றன. வெல்டு ஆறும் கடைசிக் கட்டத்தில் கவசம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. உருகிய நேரத்தில் என்ன கரைந்தது என்பதற்கு அரைகுறைச் சாட்சி. ஈரமான ஆர்கான் உள்ள அறையில்கூட வெல்டு வெள்ளியாக வரலாம். சந்தேகம் வந்தால் கடினம் அளக்கவும்: பக்கத்து உலோகத்தைவிட வெல்டு கணிசமாகக் கடினமாக இருந்தால் வாயு ஏறியிருக்கிறது. பிரஷ் போட்டு நிறத்தை அழித்த பிறகு ஆய்வாளரைக் கூப்பிடுவது மோசடி. ஆய்வு முடியும்வரை பிரஷைத் தொடக்கூடாது.

நிராகரித்த வெல்டை மேலாகச் சீவிவிட்டு மறுபடி போட முடியாது. நிறம் மாறிய பாஸ் முழுதும், அதற்கு அடியில் நல்ல உலோகம் தெரியும்வரை தோண்டி எடுக்க வேண்டும்.

எது ஏன் கெடுகிறது

எக்ஸ்ரேயில் வெல்டின் ஓரக்கோட்டை ஒட்டி நுண்துளைகள் வரிசையாகத் தெரிந்தால் குழியின் பரப்பு சரியாகத் துடைக்கப்படவில்லை. துளைகள் வெல்டு முழுவதும் சிதறியிருந்தால் கம்பியையோ வாயுவையோ சந்தேகிக்கவும். ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி என்றால் டங்ஸ்டன் குட்டையைத் தொட்டிருக்கிறது. வெல்டர் அதை உணர்ந்திருப்பார், அப்போதே நிறுத்தி, தோண்டி, முனையை மாற்றியிருக்க வேண்டும்.

வெல்டுக்குப் பக்கத்தில் குறுக்கு விரிசல் விழுந்தால் பெரும்பாலும் வாயு ஏறியதுதான் காரணம். உருகி உறையும்போது சூட்டிலேயே விரிசல் விடும் பழக்கம் 6-4 கலவைக்கு மிகக் குறைவு. எனவே விரிசலைப் பார்த்ததும் ஆம்பியரைக் குறைத்துக்கொண்டிருக்காமல் கவசத்தையும் சுத்தத்தையும் முதலில் பாருங்கள். வெல்டு செய்த மறுநாளோ அதற்குப் பிறகோ தோன்றும் விரிசலுக்கு ஹைட்ரஜன் காரணமாக இருக்கலாம். அமிலத் தொட்டியின் பதிவைப் புரட்டவும்.

பாகம் கோணிக்கொண்டால் வெல்டரை மட்டும் குறைசொல்ல முடியாது. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறத்தாழ பாதி. சுருங்கும் வெல்டு அதை எளிதில் இழுக்கும். ஒரே பக்கத்தில் பத்து இடம் இருந்தால் அடுத்தடுத்து முடிக்காமல் மாறி மாறிச் செய்யவும், பிடிப்பானில் இறுக்கி வைக்கவும்.

பதமும் இறுதிச் சோதனையும்

வெல்டைச் சீவும்போது சுற்றுப்பரப்புக்குச் சமமாக இறக்கி, மீண்டும் லேசாக அமிலம் காட்டி, பெனிட்ரன்ட்டும் எக்ஸ்ரேயும் எடுத்து, சரியென்றான பிறகே உலைக்கு அனுப்பவும். பதத்துக்குப் பிறகு குறை தெரிந்து மறுபடி வெல்டு போட்டால் மறுபடி உலை.

வெல்டால் உலோகத்துக்குள் தங்கிய உள்ளழுத்தம் நீக்க 480 முதல் 650 டிகிரியில் 1 முதல் 4 மணி நேரம் போதும். விமான வார்ப்புகளுக்குப் பெரும்பாலும் அதற்கு மேலே போய் 845 டிகிரியை ஒட்டி 2 மணி நேரம் அனீல் செய்கிறார்கள். உயர் வெற்றிடம் கட்டாயம். உள்ளே ஏறியிருக்கும் ஹைட்ரஜனிலும் ஒரு பகுதி அப்போது வெளியேறும். கூடவே ஒரு சுத்தமான டைட்டானியத் துண்டை வைத்துப் பாருங்கள், அது நிறம் மாறினால் உலையில் கசிவு. கோணலை நிமிர்த்த வேண்டுமானால் பிடிப்பானில் இறுக்கியபடியே உலைக்குள் வைத்து, சூட்டில் தளரவிடுவது குளிர்ந்த நிலையில் தட்டி நிமிர்த்துவதைவிட நம்பகமானது. தட்டினால் திரும்பி வந்துவிடும்.

ஒழுங்காகச் செய்த வெல்டு பாகத்தின் பலவீனமான இடமாக இருப்பதில்லை. வேகமாக ஆறிய வெல்டின் நுண்ணமைப்பு, மெல்ல ஆறிய வார்ப்பின் பருத்த மணிகளைவிட நுண்ணியது. அதனால் எக்ஸ்ரேயிலும் அமிலம் காட்டிய மேற்பரப்பிலும் வெல்டின் எல்லை வேறு சாயலாகத் தெரியும். அதைக் குறை என்று எழுதாமலிருக்க ஆய்வாளர் கையில் பழுது வரைபடம் இருக்க வேண்டும்.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு குழிக்கும் இடம், தோண்டிய ஆழம், வாய் அகலம், கம்பியின் வார்ப்பு எண், வெல்டரின் முத்திரை, எத்தனையாவது தடவை என்ற விவரங்கள் வேண்டும். கடைசி விவரம் முக்கியம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப உருக்குவதைப் பல விவரக்குறிப்புகள் வரம்பு வைத்துத் தடுக்கின்றன. இரண்டாவது தடவையும் அதே இடத்தில் அதே குறை வந்தால் மூன்றாவது அனுமதி கேட்குமுன், குழியின் அடியில் ஓட்டுத் துண்டு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று வெறுங்குழி எக்ஸ்ரேயை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் தடவை தோண்டல் பாதியில் நின்றிருக்கும்.